தட்டோடு போன இருமல் மருந்து

இருமலுக்கு மருந்து கேட்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து வேண்டாம். "அந்த" மருந்துதான் வேண்டும். சிவப்பாக, கெட்டியாக, ஒரு கரண்டி உள்ளே போனால் அரை மணி நேரத்தில் இருமலும் அடங்கி ஆளும் அடங்கிப்போகிற அந்த மருந்து. அபினிலிருந்து எடுக்கிற கோடீனும், தூக்கத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற ஒவ்வாமை மருந்து ஒன்றும் கலந்தது. பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. காலி பாட்டிலைக் கொண்டு வருவார்கள். பாட்டில் இல்லாதவர்கள் மூடியைக் கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒருவர் கறை படிந்த தலையணை உறையை நீட்டி, "இந்தக் கலர் மருந்து" என்றார்.

என் பெயர் மெர்வத். அலெக்சாந்திரியாவில், கர்மூஸ் பகுதியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். படித்தது மருந்தியல்தான். ஆனால் எங்கள் ஊரில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றால் அவர் டாக்டர். தலைவலியிலிருந்து மாமியார் சண்டை வரைக்கும் என்னிடம்தான் வரும். டாக்டருக்கு உண்டான மரியாதை முழுக்க எனக்கு உண்டு. டாக்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்ற வழக்கம் மட்டும் கிடையாது.

ஜனவரியில் நவ்வா என்கிற கடல்புயல் அடித்தால் எங்கள் கட்டடமே இருமும். கடல் எழும்பி ரோட்டுக்கு வரும், டிராம் பாதி வழியில் நின்றுபோகும், மழை ஜன்னல் இடுக்கு வழியாகப் படுக்கை வரைக்கும் வரும். இந்த வருடம் ஐந்து நாள் விடாமல் அடித்தது. அதில் இரண்டாம் நாள் காலை, கடை திறந்ததிலிருந்து ஒரே பேச்சு. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மருந்து தர முடியாது. ஏன் முடியாது? அது மூச்சைக் குறைக்கும். எனக்கு ஒன்றும் ஆகாது, நான் குதிரை மாதிரி. குதிரைக்கும் மூச்சு வேண்டும். போன வருடம் குடித்தேனே. போன வருடம் உயிரோடு இருந்தீர்கள், சந்தோஷம். இப்படியே பதினோரு மணி ஆகிவிட்டது. தொண்டை கட்டிப்போயிற்று. நானே இரண்டு முறை இருமினேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடி ஷைமா வந்தாள். கணவன் சவூதியில் டைல்ஸ் ஒட்டப் போயிருக்கிறான். இவளும் ஐந்து வயது மகள் ஹனீனும் மட்டும்தான் வீட்டில். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"டாக்டர், அந்தச் செவப்பு மருந்து ஒண்ணு குடுங்க. ஹனீன் ராத்திரி பூரா இருமுது. இன்னியோட மூணு நாளா அவளும் தூங்கல, நானும் தூங்கல."

"குழந்தைக்கு அது கிடையாது ஷைமா. கொய்யா இலை கொதிக்க வெச்சு, தேன் போட்டுக் குடு. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு தரேன்."

"கொய்யா இலையா? எங்க மாமியார்கூட இதத்தான் சொல்லுது. அதுக்கு எதுக்கு நீங்க அஞ்சு வருஷம் காலேஜுக்குப் போனீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். "அது அட்டவணை மருந்தும்மா. அரசாங்கம் தடுத்து வெச்சிருக்கு. முத்திரை போட்ட சீட்டு இல்லாம ஒரு சொட்டு குடுத்தாலும் என் கடைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. போதுமா?"

"அதானே பாத்தேன்," என்றாள் ஷைமா. "நல்லதா ஒண்ணு இருந்தா அத நம்ம கண்ணுல காட்டவா போறாங்க?"

உப்புத்தண்ணிச் சொட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் எடுத்து வைத்த கொய்யா இலைப் பொட்டலத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டாள்.

இதற்கு முதல் நாள்தான் நான்காம் மாடி ஹாஜ் மஹ்ரூஸுக்கு அதே மருந்தைக் கொடுத்திருந்தேன். டிராமில் கண்டக்டராக முப்பத்தெட்டு வருடம் இருந்தவர். நுரையீரல் தழும்பேறிப்போய், இருமி இருமி விலா எலும்பில் கீறல் விழுந்திருந்தது. நெஞ்சு டாக்டர் எழுதிய சீட்டில் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் மனைவி ஃபிக்ரியாவிடம் பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கரண்டி, நாளைக்கு மூன்று வேளை, எட்டு நாளைக்கு வரும் என்று சொன்னேன். "இது ஹாஜுக்கு மட்டும்தான், ஃபிக்ரியாக்கா" என்று மூன்று முறை சொன்னேன். அவளும் மூன்று முறை, "என் கண்ணு மேல சத்தியம்" என்றாள்.

நவ்வாவின் மூன்றாம் நாள், மதியத் தொழுகை முடிந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஃபிக்ரியா நனைந்துகொண்டே கடைக்குள் வந்தாள். காலி பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தாள்.

"டாக்டர், இன்னொண்ணு."

நான் பாட்டிலைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். "எட்டு நாள் மருந்துக்கா. இன்னிக்கு மூணாவது நாள்."

"தீந்துபோச்சு."

"தீந்துபோச்சுன்னா? ஹாஜ் மூச்சு விடறாரா?"

"நல்லா விடறாரே. உங்களத் திட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு, மருந்துல இனிப்பு ஜாஸ்தின்னு."

"அப்ப மருந்து எங்க போச்சு?"

ஃபிக்ரியா முக்காட்டைச் சரிசெய்தாள். அவள் முக்காட்டைச் சரிசெய்தால் கதை நீளம் என்று அர்த்தம்.

"ஹாஜுக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சதும் மனுஷங்க சும்மா இருப்பாங்களா? அஞ்சாம் மாடி வாத்தியார் வீட்டுலேர்ந்து பருப்பு சூப் வந்துச்சு. காவக்காரர் பொஞ்சாதி பால்சோறு குடுத்தனுப்புனா. தட்ட வெறுமனே திருப்பி அனுப்பறதா, அல்லா மன்னிக்கணும்? நானோ மூணு நாளா அவரு முதுகத் தடவிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். மாவு பெசஞ்சேனா, கேக் சுட்டேனா? மொதல்ல ஆரஞ்சு வெச்சு அனுப்புனேன். ஆரஞ்சும் தீந்துபோச்சு. இந்த மழையில மார்க்கெட்டு எங்க தெறந்திருக்கு?"

"தட்டுல என்ன வெச்சு அனுப்புன, அக்கா?"

"அவங்களும் இருமிக்கிட்டுத்தானே இருக்காங்க! டீ கிளாஸுல ரெண்டு வெரல் அளவு ஊத்தி, மேல தட்டு போட்டு மூடி..."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த பழக்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். ஃபிக்ரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எதுக்கு இந்தச் சத்தம்? டாக்டர் எழுதுன மருந்து, நீங்க குடுத்த மருந்து. வெஷத்தையா குடுத்தேன் நான்? வாத்தியார் நேத்துப் பரிச்ச ஹாலுல இருமாம ஒக்காந்திருந்தாராம். எனக்கு எவ்வளவு துவா செஞ்சாரு தெரியுமா?"

"வேற யாருக்குக் குடுத்த? ஒவ்வொருத்தரா சொல்லு."

"வாத்தியாரு. காவக்காரரு. அவ்வளவுதான். அப்பறம் இன்னிக்கு ஷைமா வீட்டுலேர்ந்து மஹ்ஷி வந்துச்சு, முட்டைக்கோஸ் இலையில சோறு வெச்சுச் சுருட்டுனது, பெரிய தட்டு. பாவம், தூங்காத கண்ணோட அத்தனையும் சுருட்டி அனுப்பியிருக்கா. அவளுக்கு வெறும் ரெண்டு வெரல் அனுப்ப மனசு வருமா? மிச்சம் இருந்தது பூரா ஊத்தி அனுப்பிட்டேன். குழந்த எப்படி இருமிக்கிட்டிருந்துச்சு! இப்ப சத்தமே இல்ல. மதியத் தொழுக பாங்குலேர்ந்து தூங்குதாம்."

கழுவிய பாட்டிலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையைப் பூட்டவில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்காலில் தேய்மானம். மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். ஃபிக்ரியா பின்னாலேயே வந்தாள். "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தேன். கடைசியில் ஷைமா திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வாயில் விரலை வைத்தாள்.

"ஸ்ஸ்! மெதுவா டாக்டர். இப்பத்தான் தூங்குது. நாலு நாளுக்கப்பறம் இன்னிக்குத்தான் தூங்குது. எழுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். இருபத்தாறு வருடத்தில் நான் தள்ளிவிட்ட முதல் ஆள் அவள்தான்.

ஹனீன் கட்டிலில் இரண்டு கம்பளிக்கு நடுவே கிடந்தாள். முகம் அழகாகத்தான் இருந்தது, அதுதான் பயம். உதட்டோரம் நீலம் படர ஆரம்பித்திருந்தது. தொண்டைக்குள் ஒரு சின்னக் குறட்டை, பிறகு ஒன்றுமில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது நொடி. மறுபடி ஒரு மூச்சு. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருமணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"எவ்வளவு குடுத்த?"

"ரெண்டு கரண்டி."

"எந்தக் கரண்டி?"

ஷைமா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். சாப்பிடுகிற கரண்டி. "மொதக் கரண்டிக்கு நிக்கல. அதான் இன்னொண்ணு..." என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டேன். விரல் முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தேன். முனகினாள். "ஹனீன்! மூச்ச இழு! இழு கண்ணு!" என்று காதில் கத்தினேன். இழுத்தாள். கத்தினால் இழுக்கிறாள், கத்தாவிட்டால் மறந்துபோகிறாள். படியில் இறங்கும்போது இரண்டாம் மாடிக் கிழவர் கதவைத் திறந்து, "தூங்கற புள்ளய எதுக்கும்மா இப்படிக் கத்தி எழுப்பறீங்க?" என்றார். ஃபிக்ரியா அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். அழுதுகொண்டே அவளும், "கொஞ்சம் தூங்கட்டுமே டாக்டர், அப்பறமா..." என்றாள். நான் அவளை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பழக்கடைக்காரர் நடுரோட்டில் குறுக்கே நின்று ஒரு டாக்சியை மறித்துக் கொடுத்தார். நானும் ஷைமாவும் ஏறினோம். ஃபிக்ரியா கேட்காமலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கிளம்பின நூறாவது மீட்டரில் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பாப்பாதான் நல்லா தூங்குதே. எதுக்கு அடிக்கிறீங்க?"

"நீ ரோட்டப் பாரு!"

"இல்ல, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. தூங்கவே தூங்காது. இப்படித் தூங்குச்சுன்னா நான்..."

"அண்ணே, இது தூக்கம் இல்ல!" என்று நான் அலறினேன். "மூச்சு நிக்குது! தூக்கம் இல்ல!"

அப்போதுதான் ஷைமாவுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். என் தோளிலிருந்து மகளைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, அவள் வாய்க்குப் பக்கத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மூச்சு படும்போதெல்லாம் தலையை ஆட்டினாள். படாதபோது என்னைப் பார்த்தாள். நான் கத்துவேன், குழந்தை இழுப்பாள், அவள் தலையை ஆட்டுவாள். டிரைவர் எதிர்ப்புறமாக வண்டியை விட்டு, நடைபாதையில் ஏற்றி, டிராம் தண்டவாளத்து மேலேயே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி உள்ளே விட மறுத்தான். "தூங்கற குழந்தைக்கு எமர்ஜென்சி எதுக்கு? அங்க போய் டோக்கன் வாங்குங்க" என்றான். வாயால் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. கழுவிய பாட்டிலை அவன் முகத்துக்கு நேராக ஆட்டிக்கொண்டே உள்ளே நடந்துவிட்டேன். உள்ளே ஒரு இளம் டாக்டர் இருந்தாள், என் மகள் வயசுதான் இருக்கும். பாட்டிலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எத்தனை மணி நேரமாச்சு?" கேட்டுக்கொண்டே முகமூடி போட்டுக் காற்றடிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் ஊசியை எடுக்க ஓடினாள். இருபத்தாறு வருடத்தில் எனக்கு எதிர்க்கேள்வி போடாத முதல் ஆள் இவள்தான்.

முறிவு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. ஷைமா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது. பிறகு ஹனீன் முகத்தைச் சுளித்தாள். கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வீறிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே இருமினாள், அடிவயிற்றிலிருந்து, நாய் குரைக்கிற மாதிரி, விடாமல். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நல்ல இசைக்குக்கூட நான் அப்படிக் கண்ணீர் விட்டதில்லை.

"இந்த மருந்தோட வேலை சீக்கிரம் தீந்துடும். மறுபடி மூச்சு கொறையலாம். நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கணும்," என்றாள் இளம் டாக்டர். "இந்தப் பக்கத்து ஆளுங்க நெறைய பேர் உடம்புல கோடீன் வேகமா மார்ஃபினா மாறும், தெரியும்ல உங்களுக்கு? ஒரு கரண்டியே சில குழந்தைக்கு அதிகம்."

"தெரியும்," என்றேன்.

பக்கத்தில் ஷைமா நின்றுகொண்டிருந்தாள்.

ஃபிக்ரியா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் கையாலதான் குடுத்தேன், என் கையாலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாத்தியார் வீட்டுக்கும் காவல்காரருக்கும் போன் போட்டுப் பேசினேன். மிச்சம் இருந்தால் சாக்கடையில் ஊற்றச் சொன்னேன். வாத்தியார், "பாதி கிளாஸ் இருக்கே டாக்டர், வீணாப் போகுமே" என்றார். அவரிடம் கத்தினேன். சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் காதில் விழுகிற வரைக்கும் போனை வைக்கவில்லை. அன்றைக்குக் கத்துவதற்கு எனக்கு இன்னும் தெம்பு இருந்தது. ஃபிக்ரியாவிடம் கத்தலாம் என்று திரும்பினேன். ஷைமாவிடமும் கத்த ஒரு மூட்டை இருந்தது. சாப்பிடுகிற கரண்டியால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு கரண்டி! நான் முடியாது என்று சொன்ன மறுநாளே!

"ஷைமா," என்று ஆரம்பித்தேன். "நான் நேத்து உன்கிட்ட என்ன சொன்னேன்?"

அவள் கட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹனீன் இருமி ஓய்ந்து, மூக்கில் குழாயோடு விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"அது மூச்ச நிறுத்தும்னு உங்களுக்கு நேத்தே தெரியுமா, டாக்டர்?"

"தெரியும்."

"அப்ப ஏன் என்கிட்ட அரசாங்கத்தப் பத்தியே சொன்னீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். மூச்சு நிற்கும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், ஃபிக்ரியா அனுப்பிய கிளாஸை அவள் ஜன்னல் வழியாகவே கொட்டியிருப்பாள். கர்மூஸில் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். அரசாங்கம் தடுத்து வைத்திருக்கிறது என்றால் மட்டும் இங்கே யாரும் கொட்ட மாட்டார்கள். நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாக இதே ஜனங்களுக்கு நடுவில்தானே இருக்கிறேன்.

முதல் நாள் காலை கடை திறந்ததிலிருந்து வந்த ஒவ்வொருவருக்கும் மூச்சைப் பற்றித்தான் சொன்னேன். குதிரை மாதிரி இருக்கிறவருக்கும் சொன்னேன். பத்துப் பேர் இருக்கும். பத்துப் பேருமே பெரியவர்கள், பத்துப் பேருமே என்னோடு வாதாடினார்கள். ஷைமா பதினோராவதாக வந்தாள், நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகு.